வாசலுக்கு முதுகு காட்டிய வான்

எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் சாரதி அண்ணையின் பள்ளிக்கூட வான் ஒருநாளும் முகத்தைக் காட்டிக்கொண்டு வந்ததில்லை. காலை ஆறே முக்காலுக்குக் கண்டி வீதியில் நின்று ஒருமுறை ஹோர்ன் அடிக்கும். பிறகு பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து எங்கள் படலைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும். வருகிற வழியில் ஒரு கோழி, அடுத்த வீட்டு மரவள்ளி, எங்கள் வேலி என்று தினமும் ஏதாவது ஒன்று மயிரிழையில் தப்பும்.

மகள் ஆரணி இரண்டாம் வகுப்பில் அந்த வானில் ஏறத் தொடங்கிய புதிதில் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அண்ணை, எல்லா வானும் முன்பக்கமாத்தானே வருது. உங்கட வானுக்கு மட்டும் என்ன வந்தது?"

"ஆரணி அம்மா, உள்ளுக்கு வாறது ஆருக்கும் ஏலும். வெளிய போறதுதான் படிப்பு. எங்கட பிரபு சின்னனிலயே, வெளிய போற வழி தெரியாமல் ஒரு வீட்டுக்குள்ளயும் காலை வைச்சதில்லை."

பிரபு யார் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. ஆரணி அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனாள்.

யுத்தம் முடிந்தபின் கண்ணிவெடி அகற்ற வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அவர் சாரதியாக இருந்திருக்கிறார். அவர்களில் ஒருவர் நாட்டுக்குத் திரும்பும்போது, பெட்டியில் இடமில்லை என்று ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை இவர் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படைகளை நடத்திய ஒரு தளபதியின் போர் வாழ்க்கை அது. பெயருக்கு நடுவில் உயர்குடிக்காரர் வைத்துக்கொள்ளும் சின்னச் சொல் ஒன்று இருந்ததால், இவர் அந்த ஆளைக் கடைசிவரை 'பிரபு' என்றுதான் சொன்னார்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கியதற்கும் ஏற்றுவதற்கும் இடைப்பட்ட நேரத்தில், வேப்பமர நிழலில் வானை வெளியே பார்த்தபடி நிறுத்தி, அகராதியும் கையுமாக நாளுக்கு அரைப் பக்கம் வாசிப்பார். பள்ளிக்கூட விடுமுறையில் வாசிப்புக்கும் விடுமுறை. ஒரு வரிகூட முந்திப் பார்க்க மாட்டார்.

"நாளைக்கு என்ன நடக்கும் எண்டு அந்த மனிசனுக்குத் தெரியாதுதானே. எனக்கு மட்டும் ஏன் தெரியவேணும்?"

ஆகவே, உலகமே எண்பது வருசத்துக்கு முதல் முடித்துவிட்ட யுத்தத்தை எங்கள் ஊரான கப்பல்துறையில் நாங்கள் தவணை தவணையாக நடத்தினோம். ஆரணியின் இரண்டாம் வகுப்பு முழுக்கப் பிரபு சின்னப் பிள்ளை. தகப்பன் ஜெனரல், மாமன் ஜெனரல், தாத்தாக்கள் இரண்டு பேரும் ஜெனரல். "அந்த வீட்டில தண்ணி குடிக்கப் போனாலும் ஒரு ஜெனரலில இடிபடாமல் வரேலாது" என்பார். மூன்றாம் வகுப்பில் முதலாம் உலகப்போர் வந்து பிரபுவுக்குக் காயம் பட்டது. அந்தக் கிழமை வான் மெதுவாகத்தான் ஓடியது. நான்காம் வகுப்பில் அவர், யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்த காட்டு வழியால் பிரான்சுக்குள் நுழையத் திட்டம் போட்டார். இவரும் அந்தக் கிழமை சீனக்குடாப் பக்கம் யாரும் போகாத ஒரு மணல் பாதையைப் பிடித்துப் பதினான்கு பிள்ளைகளோடும் வானை மணலில் புதைத்தார். பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

பிரபு ரஷ்யாவுக்குள் போய்ப் பனிக்குள் எண்ணெய் இல்லாமல் நின்ற காலத்தில் எங்கள் நாட்டிலும் டீசல் இல்லை. இவர் இரண்டு நாள் வரிசையில் நின்றார். சந்திக் கடைக்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எங்க நிக்கிறார் உங்கட ஆள்?"

"ஒரு ரஷ்யப் பட்டணத்துக்குக் கிட்ட. டாங்கி ஸ்டாட் எடுக்குதில்லை."

"நீங்கள்?"

"டீசல் ஷெட்டுக்குக் கிட்ட. வானும் எடுக்குதில்லை."

முன்னேற்றங்களை அவர் சுருக்கமாகத்தான் சொல்வார். பிரபு பின்வாங்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்குக் கதை வந்தது. ஆற்றுக்குப் பின்னால் ஆறாக, இலட்சம் ஆட்களை, பாலம் உடைபடமுன் பிரபு எப்படிக் கொண்டுவந்து சேர்த்தார் என்று எங்கள் படலையில் தேத்தண்ணிக் கோப்பை, சீனிப் போத்தல், என் செருப்பு எல்லாவற்றையும் வைத்து விளக்கினார். "முன்னுக்குப் போறதுக்குக் கோபம் காணும். பின்னுக்கு வாறதுக்கு மூளை வேணும். நல்ல பின்வாங்கல் எண்டால், நாங்கள் போய் மூண்டு நாளாகியும் எதிரி வெறுங்குழிக்குச் சுட்டுக்கொண்டிருக்கவேணும்."

அன்று முழுக்க என் ஒரு செருப்பு ரஷ்யாவில் இருந்தது.

எங்கே போனாலும் மனிதர் வெளியேறும் வழியைத்தான் முதலில் பார்ப்பார். கலியாண வீட்டில் பொம்பிளையைப் பார்க்கமுன் பின்பக்கப் படலையைப் பார்த்துவிட்டு வருவார். கடைசி வரிசையில் ஓரக் கதிரையில் இருப்பார். நூறு செருப்புக்குள் அவருடையது மட்டும் வீதியைப் பார்த்துக் கிடக்கும். அவருடைய மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னா: "என்ர கலியாணத்தண்டும் இந்த மனிசன் மணவறையில இருந்து கிணத்தடிப் பக்கமே பாத்துக்கொண்டிருந்தது. நான் வெக்கம் எண்டு நினைச்சன். பிறகுதான் தெரியும், மதில் எவ்வளவு உயரம் எண்டு கணக்குப் பாத்திருக்கு."

இதெல்லாம் வேறு யாருடைய பிள்ளையோ அந்த வானில் போனால் சிரிக்கலாம். நான் அப்படிச் சிரிக்கக்கூடிய தாய் இல்லை. பிள்ளை இருமினால் நியூமோனியா, பத்து நிமிடம் பிந்தினால் விபத்து என்று நினைக்கிற ஆள். வெள்ளிக்கிழமைகளில் வானைச் சந்தியில் நிறுத்தி, பின்கதவால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு நிமிடத்துக்குள் இறங்கப் பழக்குகிறார் என்று தெரிந்ததும், அதே வானில் போகும் கவினின் தாயையும் கூட்டிக்கொண்டு சண்டைக்குப் போனேன். சிறிய பிள்ளைகள் முதலில், பெரிய பிள்ளைகள் பிறகு, சாப்பாட்டுப் பெட்டி கடைசியில். தண்ணீர்ப் போத்தல்தான் எங்கள் பக்கத்து இழப்பு. ஒரு தவணையில் கவின் மூன்று தொலைத்திருந்தான்.

"அண்ணை, பிள்ளை படிக்கப் போறானோ, படையில சேரப் போறானோ?" என்று கேட்டா கவின் அம்மா.

"படைக்குப் போறவனை முன்னுக்குப் போகப் பழக்குவாங்கள், தங்கச்சி. நான் பின்னுக்கு வரப் பழக்கிறன். பயப்பிடாதேங்கோ."

வேறு வானுக்கு மாற்றத்தான் இருந்தேன். எங்கள் ஒழுங்கைக்குள் வேறு எந்த வானும் வராது. முன்பக்கமாக வந்தால் திருப்ப இடமில்லை.

ஒவ்வொரு ஜனவரியும் அவர் எல்லா வீட்டுக்கும் போட்டோக்கொப்பி எடுத்த ஒரு தாள் கொடுப்பார். மேலே 'கட்டளை' என்று இருக்கும். அதனாலேயே நாங்கள் யாரும் அதை வாசிக்கவில்லை. கவின் அம்மா அதில் மிளகாய்த்தூள் சுற்றினா. என்னுடையது எங்கே போனதென்று எனக்கே தெரியாது.

கடந்த வருசம், ஆரணியின் ஏழாம் வகுப்பில், பின்வாங்கல் நன்றாக நடந்துகொண்டிருந்தபோதே திடீரென்று கதை நின்றுவிட்டது. கடைக்காரர் கேட்டார். "எங்க நிக்கிறார்?"

"ஆத்தைக் கடந்திட்டார்."

"பிறகென்ன?"

"கடந்து வந்த பக்கத்தில ஊருகள் இருந்தது" என்றுவிட்டு, வாங்க வந்த பாணை மறந்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு புத்தகம் முன் கண்ணாடியடியில் இல்லை என்று ஆரணி சொன்னாள். சீற்றுக்குக் கீழே, ஜாக்கியோடு கிடக்கிறதாம். யுத்தம் முடிந்தது, இனியாவது வீதியைப் பார்த்து ஓடுவார் என்று நான் நிம்மதிப்பட்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு அந்த மழை நாள்.

காலையில் சாதாரண மழைதான். பத்து மணிக்கு மேல் கொட்டத் தொடங்கியது. பதினொன்றுக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள் என்று ஒரு செய்தி வந்தது. அதோடு மின்சாரமும் போய், தொலைபேசியும் செத்துவிட்டது. கணவர் தம்பலகாமத்தில், வெள்ளத்துக்கு அந்தப் பக்கம். பன்னிரண்டு மணி. ஹோர்ன் இல்லை. அரை மணி நேரம் படலையில் குடையோடு நின்றேன். குடைக்கு உள்ளேயும் மழைதான்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியிலுள்ள மதகுக்கு ஓடினேன். வீதிக்கு மேலால் தண்ணீர் மண் நிறத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. வேறொரு பள்ளிக்கூட வான் மதகின் விளிம்பில், ஒரு சில்லு வெளியே தொங்க, சரிந்து நின்றது. ஆண்கள் கயிறு கட்டிப் பிள்ளைகளைத் தோளில் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நான் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். எல்லாரும் தப்பிவிட்டார்கள். அதில் ஆரணி இல்லை. அந்த முகங்கள் இன்னும் என்னை விடவில்லை. இப்போதும் தகரத்தில் மழை விழத் தொடங்கினால் என் விரல்கள் தாமாகவே பிள்ளைகளை எண்ணுகின்றன.

ட்ராக்டர் ஒன்று ஆட்களை மதகுக்கு மேலால் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அதில் தொற்றிக் கடந்து, கிடைத்த ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனேன். படலை பூட்டியிருந்தது. "எல்லாரும் அப்பவே போயிட்டினம், அக்கா" என்றார் காவலாளி. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேயும் இல்லை. ஒருவேளை வீட்டுக்கு வந்திருப்பாளோ என்று திரும்ப ஓடி, திரும்ப அதே ட்ராக்டரில் கடந்து வந்தேன். வீட்டில் கவின் அம்மாதான் இருந்தா, வாசற்படியில், ஒரு கையில் கவினின் ஒற்றைச் செருப்போடு. அதை ஏன் எடுத்துக்கொண்டு வந்தா என்று இன்றைக்கும் அவவுக்குத் தெரியாது.

"அந்த மனிசன் எங்கயோ ரஷ்யாவுக்குக் கொண்டு போட்டுது" என்று அழுதா.

அவ தெப்பமாக நனைந்திருந்தா. தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன். இருட்டில் நெருப்புப்பெட்டியைத் தேடுகையில் எண்ணெய்ப் போத்தலைத் தட்டிவிட்டேன். தூக்கி நிமிர்த்தினால், அதன் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு தாளும் வந்தது. எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி இருந்தது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது எழுத்துகள் தெரிந்தன.

கட்டளை. வீதி மறிபட்டால் பிள்ளைகள் இருக்கும் இடம்: மாதா கோயில் மண்டபம், மேட்டில், வீதிக்கு வலப்பக்கம். பாண், தண்ணீர், மெழுகுதிரி வைத்திருக்கிறேன். போன் வேலை செய்யாது என்று நினைத்துக்கொள்ளவும். இந்தத் தாளோடு வரவும். என்னைத் தேட வேண்டாம்.

பதினொரு மாதமாக என் பிள்ளை இருக்கும் இடத்துக்கு மேல் நான் நல்லெண்ணெய் வைத்திருந்திருக்கிறேன்.

ட்ராக்டர்க்காரப் பெடியன் எங்களைக் கண்டதும், "அக்கா, இண்டைக்கு மூண்டாந்தரம். ஒரு சீசன் ரிக்கற் எடுங்கோவன்" என்றான். அந்த மண்டபம் மதகிலிருந்து அரை மைல்கூட இல்லை. அதைத் தாண்டித்தான் நான் போனேன், தாண்டித்தான் வந்தேன். மண்டபத்துக்குப் பின்னால், மரத்தோடு ஒட்டி, வீதியைப் பார்த்தபடி வான் நின்றது.

உள்ளே பதினான்கு பிள்ளைகளும் நீள மர வாங்குகளில் வரிசையாக இருந்து பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி நித்திரை. கவின் எங்களைக் கண்டதும் முதலில் தூக்கிக் காட்டியது தண்ணீர்ப் போத்தலை. "தொலைக்கேல்லை அம்மா."

ஆரணியை நோக்கி ஓடினேன். வாசலில் அவர் குடையைக் குறுக்கே பிடித்தார்.

"தாள் கொண்டந்தனீங்களோ?"

"அண்ணை, நான் பெத்த பிள்ளை."

"தெரியும். ஆனா எல்லாரும் ஒரே நேரத்தில வந்து இழுத்தால் எண்ணிக்கை பிழையாப் போயிடும். தாள்."

கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மணந்தும் பார்த்தார்.

"இதென்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய்."

"ம்" என்றார். என் பெயருக்குப் பக்கத்தில் புள்ளடி போட்டார். கவின் அம்மா மிளகாய்த்தூளின் வாசனையைத்தான் ஆதாரமாகக் கொண்டுவந்திருந்தா. அவவை மன்னித்து விட்டார்.

பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பிறகு கோபம் வந்தது. "ஒரு சொல்லு அனுப்பியிருக்கலாமே, அண்ணை."

"எனக்கு முன்னால போன வான்காரனிட்டச் சொல்லிவிட்டனான். அவன் போய் மதகில தொங்கினவன். அதுக்குள்ள என்ர கதை ஞாபகம் வருமோ? அதோட, நீங்கள் இப்பிடி ஓடித் திரிவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை. தாள் தந்தனான்தானே."

ஒரு நல்ல வார்த்தை சொல்வோம் என்று நினைத்து, "உங்கட பிரபு படிப்பிச்சது வீண் போகேல்லை" என்றேன்.

அவர் புள்ளடி போட்ட தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"அவர் தன்ர ஆக்களைத்தான் கூட்டிக்கொண்டு வந்தவர். வாற வழியில இருந்த ஊருகளை எரிச்சுப்போட்டு, சனத்தையும் அடிச்சுக் கலைச்சுக்கொண்டு வந்திருக்கிறாங்கள். புத்தகத்தில அதுக்கு நாலு வரி. அந்த நாலு வரியை வாசிக்க எனக்கு ரெண்டு கிழமை எடுத்தது." குடையை மடித்துக்கொண்டே சொன்னார். "சின்னனில நானும் அப்பிடி ஒரு நாலு வரிக்குள்ள இருந்தனான், ஆரணி அம்மா. அம்மா ஒரு கையில என்னையும் மற்றக் கையில கோழியையும் பிடிச்சுக்கொண்டு ஓடினவ. கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். விட மனமில்லையாம்."

"பிரபு பிறகு என்ன ஆனார்?"

"வழமையை மீறிக் கடைசிப் பக்கங்களைப் பாத்தனான். அந்த மீசைக்காரத் தலைவன் ஒரு கையால பதக்கத்தைக் குத்தி, மற்றக் கையால வீட்ட போ எண்டு அனுப்பியிருக்கிறான். பிறகு கோடு, வழக்கு, மறியல் எண்டு சிறைக்குப் போனவர். எத்தினை ஆத்தில இருந்து பின்வாங்கத் தெரிஞ்ச மனிசன். அந்த ஒருத்தனிட்ட இருந்து பின்வாங்கத் தெரியேல்லை. அவன் கலைக்குமட்டும் நிண்டவர்."

பிள்ளைகள் கேட்காத தூரத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். மதகுக்கு மேல தண்ணி நிண்டது உண்மை. ஆனா அந்தத் தொங்கின வானுக்கு முதல் ரெண்டு வான் பத்திரமாக் கடந்து போனது. எனக்கு ரோட்டின்ர கரை தெரியேல்லை. மழையால இல்லை. இடக்கண் கொஞ்ச நாளாப் புகைஞ்சுகொண்டு வருது. நேற்றுவரைக்கும் எனக்கு நானே பொய் சொன்னனான்."

நான் அவரைத் திட்டவில்லை. கொஞ்ச நாளாக என்றால் எத்தனை நாளாக என்று கேட்கப் பயந்து, வாங்கில் இருந்துவிட்டேன். தெரியாத கரையை நோக்கி ஒரு அடிகூட வைக்காமல் நின்ற மனிதரும் அவர்தான், அதுவரை தினமும் என் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனவரும் அவர்தான். இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் ஏலாமல் இருக்கிறது.

விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு ஒருமுறை ஹோர்ன். வான் பின்பக்கமாக ஊர்ந்து வந்து படலைக்கு முதுகைக் காட்டி நின்றது. பின்கதவால் ஆரணி ஏறினாள். "கண்ணை டொக்டரிட்டக் காட்டினீங்களோ, அண்ணை?" என்று பின்னாலிருந்து கத்தினேன். பதில் வரவில்லை. செவ்வாயும் கேட்டேன். புதன் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

வியாழக்கிழமை ஆரணி சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டாள். அதைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓடினேன். சாரதி இருக்கையில் தலைமுடியை இறுக்கிப் பின்னிய ஒரு இளம்பெண் இருந்தாள்.

"அண்ணை எங்க?"

"மாமா எங்கட ஊர் கட்டைபறிச்சானுக்குப் போயிட்டார் அன்ரி. எங்கட வீட்டிலதான். நான் தங்கச்சி மகள். மார்கழி முழுக்க, நீங்கள் எழும்பமுன்னம், இந்த ஒழுங்கைக்குள்ள பின்னுக்கு வரப் பழக்கினவர். ரெண்டு கோழி எண்ணிக்கையில குறைஞ்சிருக்கும், குறை நினைக்காதேங்கோ."

நான் ஆரணியைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அம்மா. எத்தினையாம் நாள் கண்டுபிடிக்கிறீங்கள் எண்டு பாத்துச் சொல்லச் சொன்னவர்."

மூன்று நாள் வெறுங்குழிக்குச் சுட்டிருக்கிறேன்.

அந்தப் பெண் முன்பக்கத்திலிருந்து ஒரு கட்டுத் தாள் எடுத்தாள். மேலே இருந்த ஒன்றை மட்டும் தனியே உருவி என்னிடம் நீட்டினாள். கட்டளை. அதே கையெழுத்து, எழுத்துகள் மட்டும் முன்னையதைவிடப் பெரிது. அதே மண்டபம், பாண், தண்ணீர், மெழுகுதிரி. கடைசி வரியும் மாறவில்லை: என்னைத் தேட வேண்டாம்.

தாள் வழுக்கியது. திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது.

"மற்ற வீடுகளுக்கு வெறும் தாள்தான் அன்ரி" என்றாள் அவள், வானை ஸ்டாட் செய்துகொண்டு. "உங்களுக்கு மட்டும் எண்ணெய் ஊறாத மாதிரிக் குடுக்கச் சொன்னவர்."